நட்சத்திரக்காரரின் மூக்கு

மாவீரர்கள், மகாராணிகள், விஞ்ஞானிகள், ஞானிகள் என்று உலகத்துப் பெரிய மனிதர்கள் பலரும் என் மடியில் தலை வைத்துப் படுத்தவர்கள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். மெழுகுச் சிலைக் காட்சிக்கூடத்தில் சிலைகளுக்குத் தலைமுடி நடுகிறேன். முனை பிளந்த ஊசியில் ஒரு முடியைப் பிடித்து, இளஞ்சூட்டில் இருக்கும் மெழுகுத் தலையில் குத்தி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த முடி, அதற்கடுத்த முடி. வழுக்கைத் தலையோடு சாதித்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சிலை செய்பவர் என் அண்ணன். களிமண்ணில் முகம் பிடித்து, அச்செடுத்து, மெழுகு வார்ப்பது அவர் வேலை. கூடத்துக்குப் பின்னால் ஒரு நீள அறைதான் எங்கள் பட்டறை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு முழு ஆளும் மெழுகு என்று நினைப்பு. தலையும் கைகளும் மட்டும்தான் மெழுகு, மற்றதெல்லாம் கம்பியும் பஞ்சும். எப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தியும் சட்டையைக் கழற்றினால் தலையணைதான்.

மவுசு குறைந்தவர்களை உருக்கிவிடுவோம். மெழுகை வீணாக்க முடியுமா? போன வருஷம் ஒரு படைத்தளபதியை உருக்கி, ஒரு செவிலியரின் தலையும் ஒரு கவிஞரின் இரண்டு கைகளும் செய்தோம். ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போன ஆள், இப்போது குனிந்து நின்று யாருக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் ஒரு தனித் திருப்தி.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். பழைய காலத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் எப்படி இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓவியம் கிடையாது, சிற்பம் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு அண்ணன் எங்கள் வீட்டு முகங்களை எடுத்துக் கொடுத்துவிடுவார். கண்டங்களைக் கட்டி ஆண்ட பேரரசர் எங்கள் சித்தப்பா. நாய் குரைத்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனிதர். கணவனுக்கு விஷம் வைத்த மகாராணி, அண்ணனின் மாமியார். அந்த அம்மாள் ஒரு தடவை கூடத்துக்கு வந்து, சிலை முன்னால் வெகு நேரம் நின்று, "யாரு இவ? பாக்கவே லட்சணமா இருக்காளே" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனுக்கு மூச்சே அப்புறம்தான் வந்தது. பட்டறையின் ஒரே சட்டம், முகத்துக்குச் சொந்தக்காரரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். தெரிந்தால் அப்புறம் அவர்களோடு குடித்தனம் பண்ண முடியாது என்பார் அண்ணன்.

என் கணவர் விஷயத்தில்தான் அந்தச் சட்டம் உடைந்தது.

அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எந்த மாடி என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் அவர் பார்த்ததெல்லாம் பிடரிகள்தான். ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. பிறகு தானாக ஓடுகிற லிஃப்ட் வந்தது, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆனால் தினமும் அவரோடு ஏறி இறங்கிய ஓர் அதிகாரி ஒரு நாள் தெருவில் எதிரே வந்திருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். இவர் நேராக வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்துப் படுத்தார்.

முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு கத்தினேன். கத்தி ஓய்ந்த பிறகு பயந்துபோனேன். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், குளி என்றால் குளிப்பார், மறுபடி போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் நானும் படுத்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு, அதில் ஓர் எறும்பு. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் ஒரு வானியல் அறிஞரின் சிலை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பள்ளி விடுமுறைக்குள் வேண்டுமாம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் வானத்தை அளந்து, நட்சத்திரங்களைப் படமாக வரைந்து வைத்தவர் அவர். அவர் போட்ட படத்தை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ கப்பல்கள் கரை சேர்ந்தன. வாய்க்குள் நுழையாத பெயர் அவருக்கு. பட்டறையில் நாங்கள் நட்சத்திரக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். வானத்தில் இருந்ததையெல்லாம் வரைந்த மனிதரை ஒருவரும் வரைந்து வைக்கவில்லை.

முகம் தேடி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் தீர்ந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரு மாமாவையும் கடற்கொள்ளைக்காரன் ஆக்கியாகிவிட்டது. டீயைக் குடித்துக்கொண்டே உள்ளறையை எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். இவர் அதிசயமாக மல்லாந்து படுத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது.

"அந்த மூக்கைப் பாரு," என்றார் அண்ணன் மெதுவாக. "இப்படி ஒரு மூக்கை வீட்டுல வச்சுக்கிட்டா எங்கிட்ட சொல்லாம இருந்தே?"

"மூக்கு இருக்கு. மூக்குக்கு வேலைதான் இல்ல," என்றேன்.

கண்ணால் பார்த்துப் பிடிக்க நேரம் இல்லை. முகத்தின் மேலேயே மாவுச்சாந்து அப்பி அச்செடுக்க வேண்டும். அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்ள, கொஞ்ச நேரம் ஆடாம அசையாம படுத்திருக்கணும். முடியுமா?"

"அதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது," என்று நான் குறுக்கே சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் நடந்தது அதுதான். மூக்குத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கச் சாந்து அப்பினோம். அது இறுகுவதற்குள் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. இவ்வளவு நல்ல அச்சு தன் வாழ்நாளில் எடுத்ததில்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

அதன்பிறகு பல நாள் எனக்கு விசித்திரமான பிழைப்பாக இருந்தது. வீட்டில் ஒரு தலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பட்டறையில் அதே தலை என் மடியில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முடி நட நட அதோடு பேசிக்கொண்டிருந்தேன். அன்றன்றைக்கு நடந்தது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, ராத்திரி தூக்கம் வராதது எல்லாவற்றையும் சொன்னேன். அது கேட்டுக்கொண்டது. புருஷனிடம் சொல்ல வேண்டியதை மெழுகிடம் சொல்கிறோமே என்று சில நாள் எனக்கே அழுகை வரும்.

சிலை தயாரானது. நீள அங்கி, கையில் ஒரு பித்தளைக் கருவி, மேலே பார்த்த கண்கள், நடுவே கம்பீரமாக அந்த மூக்கு. திறப்பு நாளன்று இவரை இழுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். இவர் சிலை முன்னால் போய் நின்றார். அப்போது ஒரு வயதான பெண்மணி சிலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்தார். "ஐயோ, அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" என்று கூவிவிட்டார். கூட்டம் மொத்தமும் திரும்பியது. அத்தனை கண்ணும் இவர் முகத்தில்.

அன்று சாயங்காலம் இவர் படுக்கவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அவரு என்னதான் பண்ணினாரு?"

"யாரு?"

"என் மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரு."

மறுநாள் காலையில் நூலகத்துக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைக் கண்டாலே காய்ச்சல் வந்த மனிதர், தலையணை கனத்துக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தொடும்போதே நட்சத்திரக்காரரின் புராணம் ஆரம்பித்துவிடும். அவர் எல்லாவற்றையும் மல்லாந்து படுத்துக்கொண்டேதான் சாதித்தாராம். மொட்டை மாடியில் பாயைப் போட்டு, விடிகிற வரைக்கும் மேலே பார்த்துக்கொண்டிருப்பாராம். கேட்க வேண்டுமா? இவரும் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"படுத்துக்கிட்டு இருக்கறவங்களை எல்லாம் சாதாரணமா நினைச்சிடாதே," என்றார் என்னிடம்.

"நினைக்கல. அவரு மேல பாத்துப் படுத்தாரு, நீங்க சுவரைப் பாத்துப் படுத்தீங்க. வித்தியாசம் அவ்வளவுதான்," என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும் எனக்கு உள்ளுக்குள் கால் தரையில் பாவவில்லை. மனிதர் பேசுகிறாரே!

இன்னொரு நாள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதால் அந்த அறிஞர் பக்கத்தில் விளக்கே வைத்துக்கொள்ள மாட்டார் என்றார். அவர் மேலேயிருந்து சொல்லச் சொல்ல, கீழே ஜன்னலுக்குள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதியது அவர் மனைவியாம்.

"படுத்திருந்தவருக்குச் சிலை வச்சாச்சு. தூங்காம உக்காந்து எழுதினவளுக்கு?" என்று கேட்டேன்.

இவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "கேக்க வேண்டிய கேள்விதான். நாளைக்குக் கூட்டத்துல நானே கேக்கறேன்," என்றார்.

ஆமாம், கூட்டம் என்று ஒன்று சேர்ந்துவிட்டிருந்தது. தினமும் கூடத்துக்குப் போய்ச் சிலைக்குப் பக்கத்தில் நின்று, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். "வானத்துல மொத்தம் எத்தனை நட்சத்திரம்னு அரசர் கேட்டாராம். இன்னிக்கு மேகமா இருக்கு, நாளைக்கு வாங்கன்னாராம் இவரு" என்று சொல்லி நிறுத்துவார். ஜனங்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் பேரரசர் அநாதையாக நிற்பார், சித்தப்பாவை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

மேனேஜர் மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர். இவருக்கு ஒரு கோட்டும் வழிகாட்டி என்று எழுதிய வில்லையும் கொடுத்தார். வேலை தற்காலிகம்தான், பிறகு பார்க்கலாம் என்றார். ஆனால் அதோடு நிற்கவில்லை. "ஒரே ஜாடையா இருக்கே, ஏதாவது சொந்தமா?" என்று பார்வையாளர்கள் கேட்கும்போதெல்லாம், குறும்பாகத் தலையை ஆட்டிவைத்தார். நாளடைவில் இவர் நட்சத்திரக்காரரின் வம்சம் என்று பேச்சாகிவிட்டது.

"நானா சொன்னேன்? அவங்களா நினைச்சுக்கறாங்க," என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணு. கூடத்துக்குள்ள நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி கிடையாது. சிலை செஞ்சவரோட தங்கச்சி புருஷன்னு தெரிஞ்சா மூக்கு எங்கேருந்து வந்ததுன்னு குட்டு வெளிப்பட்டுடும். அப்புறம் வேலை கிடையாது."

வேலை கிடையாது என்றதும் எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கூத்துதான். வீட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்புவோம். தெருமுனையில் பிரிந்துவிடுவோம். கூடத்தில் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பேன். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்பார். காலையில்தானே தோசைக்கல்லைத் தேய்க்கவில்லை என்று சண்டை போட்டோம், நன்றாகத்தான் இருக்கிறேன்!

மேனேஜர் சிலையின் முகத்தை டிக்கெட்டில் அச்சடித்தார். அதைப் பார்த்து ஒரு பள்ளிப் பாடநூலில் அதே மூக்கை வரைந்தார்கள். உடனே மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சிலைக்குப் பக்கத்தில் மாட்டி, பாடநூலிலேயே இப்படித்தான் இருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டினார். இதைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். சில நாளில் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் ஒரு நாள் சிலையை உற்றுப் பார்த்துவிட்டு, "நிஜமாவே இப்படித்தான் இருந்திருப்பாரோ?" என்று கேட்டார். செய்தவரே கேட்டால் என்ன சொல்வது?

அப்புறம்தான் வரலாற்றுப் பேராசிரியை வந்தார். நட்சத்திரக்காரரைப் பற்றியே ஆயுசு முழுக்கப் படித்தவர். நல்ல அம்மாள், குரலே உயர்த்தாதவர். முதல் தடவை வந்தபோது இவர் மூக்கைப் பல கோணங்களில் பார்த்து, சிலையின் மூக்கையும் பக்கத்தில் மாட்டியிருந்த பாடநூல் பக்கத்தையும் பார்த்து, "வம்ச லட்சணம் எவ்வளவு உறுதியா இறங்குது பாருங்க!" என்று கண்கலங்கினார். இவர் குனிந்து கோட்டு வில்லையைத் துடைத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை வந்தபோது அவர் கையில் ஒரு படம் இருந்தது. ஏதோ ஒரு பழைய மாளிகையின் சாமான் அறையில் ஓர் ஓவியம் கிடைத்திருக்கிறது. தன் நட்சத்திரப் படத்தைக் கையில் விரித்துப் பிடித்தபடி நட்சத்திரக்காரரே உட்கார்ந்திருக்கிறார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

படத்தை மேசையில் வைத்தார். எல்லாரும் குனிந்தோம். பந்து போல உருண்டை முகம். தொங்கும் கன்னங்கள். ஒரு கண் நம்மைப் பார்த்தது, இன்னொன்று கதவைப் பார்த்தது. மூக்கு என்று சொல்ல நடுவே ஒரு பொத்தான் இருந்தது.

பேராசிரியை படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "பல தலைமுறை ஆயிருக்கு, இல்லையா? மூக்கு... வளர்ந்திருக்கலாம்," என்றார். அந்த இக்கட்டிலும் இவருக்காக அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

அவர் போனதும் மேனேஜர் பட்டறைக்கு வந்து கணக்காகப் பேசினார். புதுத் தலை செய்ய வேண்டும். புதுத் தலை ஏறுகிற நாளில் பெரிய மனிதர்கள் வருவார்கள். அன்றைக்கு மட்டும் இவர் ஒரு சுற்று அழைத்துப் போய்க் காட்டலாம், மூக்கைப் பற்றி யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட வேண்டும். அதோடு சரி. "தப்பா நினைக்காதீங்க சார். ஜனங்க உங்களைப் பாக்க வந்தது அந்த ஜாடைக்காகத்தானே? ஜாடையே இல்லைன்னா நீங்க எதுக்கு?"

நீங்க எதுக்கு! மெழுகுச் சட்டி பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. மேனேஜரின் தலையை அதில் முக்கி எடுத்திருப்பேன், நல்லவேளை அண்ணன் நடுவில் நின்றார்.

இவர் வீட்டுக்கு வந்தார். கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்தார்.

முதல் தடவை படுத்தவரைத் தூக்கி நிறுத்த ஒரு மேதை வேண்டியிருந்தது. இனி யாரைக் கொண்டுவருவது? பட்டறையில் அண்ணன் உருண்டை முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைவிடக் கொடுமையான வேலை. தலையை உருக்குவதற்கு முன்னால் முடியை எல்லாம் பிடுங்கி எடுக்க வேண்டும், அது வேறு தலைக்கு ஆகும். நட்டவள்தான் பிடுங்க வேண்டும். மடியில் போட்டுக்கொண்டு பிடுங்க ஆரம்பித்தேன். முன்மண்டை காலியானபோது கை ஓடவில்லை. அந்த முகம் என்னையே பார்த்தது. அப்படியே துணியைப் போட்டு மூடிவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

"எந்திரிங்க!" என்றேன். முதுகு அசையவில்லை. "உங்க முடியை என்னால பிடுங்க முடியாது. இத்தனை நாள் உக்காந்து ஒவ்வொண்ணா நட்டவ நான். வேணும்னா வந்து நீங்களே பிடுங்கிக்குங்க. இல்லன்னா அந்தச் சட்டியில நானும் குதிச்சுடறேன், எதுவும் தெரியாத மாதிரி படுத்துக்கிடங்க!"

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எந்தப் பக்கம் பிடுங்கியிருக்கே?"

"முன் பக்கம்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. தன் வழுக்கையை முன்கூட்டியே பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

பட்டறையில் துணியை விலக்கியதும் வெகு நேரம் பார்த்தார். "இப்படியா ஆயிடுவேன்?" என்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்கார்ந்து பிடுங்கினோம். காதோரத்து முடியைப் பிடுங்கும்போது, நிஜமாகவே வலித்தவர் போல இவர் முகத்தைச் சுளித்தார்.

"நல்ல மூஞ்சிதான், இல்ல?" என்றார் திடீரென்று.

"இப்பதான் தெரியுதா?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"எனக்கு எப்பவுமே தெரியும். சொல்லித்தான் தொலைக்கல," என்றேன். அவர் என் கையிலிருந்த முடிக்கற்றையை வாங்கிக் கீழே வைத்தார்.

சுவரில் அண்ணன் ஒட்டியிருந்த படத்தை இவர் கிட்டப் போய்ப் பார்த்தார். உருண்டை முகம், மாறுகண், பொத்தான் மூக்கு. "இத்தனை காலமா இந்த மனுஷனுக்கு மூஞ்சியே இல்ல. ஊரு முழுக்க அவரு போட்ட படத்தைப் பாத்துச்சு, அவரை யாரும் பாக்கல. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. இப்பதான் பாவம் அவருக்கு மூஞ்சி கிடைச்சிருக்கு. அதுக்கு நான் அழுதா நல்லாவா இருக்கும்?"

தலையை இரண்டு கையாலும் தூக்கி, தானே சட்டிக்குள் விட்டார். கன்னம் கரைந்தது, நெற்றி கரைந்தது. மூக்கு மட்டும் வெகு நேரம் சட்டிக்கு மேலே நின்றது.

"அது பிடிவாதம் பிடிச்ச மூக்கு," என்றார் அண்ணன், கரண்டியால் மெல்ல அழுத்தியபடி.

புதுத் தலை ஏறிய நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பேராசிரியை நின்றார். இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இன்றோடு முடிந்தது என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் திரையை இழுத்தார். உருண்டை முகம் வெளியே வந்தது, ஒரு கண் கூட்டத்தையும் ஒரு கண் மேனேஜரையும் பார்த்தது. கைதட்டல் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். பழைய டிக்கெட் இன்னும் தீரவில்லை. பிறகு சிலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஏங்க, டிக்கெட்டுல இருக்கறது வேற ஆளா இருக்கே? இது நீங்கதானே? நீங்க அவரு வம்சம்னு சொன்னாங்களே?"

மேனேஜர் பேயறைந்தாற்போல நின்றார். சமாளியுங்கள் என்று இவருக்குக் கையால் சைகை காட்டினார். தலைமுறையில் மூக்கு வளர்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேராசிரியையே தலையாட்டுவார். மரியாதையாக வெளியே போய்விடலாம்.

இவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தாங்க அது. ஆனா வம்சமும் இல்ல, வாரிசும் இல்ல. இந்தச் சிலையைச் செஞ்சவரு என் மச்சான். இவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாததால, என்னுதைக் கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கினாங்க. இப்ப அவரு மூஞ்சி அவருக்குக் கிடைச்சிடுச்சு. என்னுதைத் திருப்பிக் குடுத்துட்டாரு." கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சேதாரம் ஒண்ணும் இல்ல."

முதலில் பேராசிரியைதான் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. "வாங்க, இவரு எப்படிப் படுத்துக்கிட்டே வானத்தை அளந்தாருன்னு சொல்றேன்," என்றார் இவர். "அதுக்கு முன்னாடி, இவருக்காகத் தூங்காம உக்காந்து எழுதின அந்த அம்மாவைப் பத்திச் சொல்லணும். அவங்களுக்கு இன்னும் மூஞ்சி கிடைக்கல." கூட்டம் நெருங்கி வந்தது. புதுச் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாரும் இவரைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் மட்டும் எட்ட நின்று, கோபப்படுவதா வேண்டாமா என்று ஆட்களின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து கூட்டத்தோடு நின்றேன். கண்ணாடி போட்ட பெண்மணி என் தோளைத் தொட்டு, கிசுகிசுவென்று கேட்டார்.

"என்னமா பேசறாரு! வம்சம் இல்லைங்கறாரு, அப்ப யாருங்க இவரு?"

"என் புருஷன்," என்றேன். கிசுகிசுவென்று சொல்லத்தான் நினைத்தேன். கூடம் முழுக்கக் கேட்டது.